பத்து நாள் எண்டால் எந்தப் பத்து நாள்?

2024 நல்லூர்த் திருவிழாவுக்கு நியூஜெர்சியில இருந்து பெரியம்மா வந்து நிண்டவா. சப்பறத்தண்டு, ஓகஸ்ட் 31 சனிக்கிழமை, ரவுணுக்குள்ள ஒரு ஏரிஎம்மில தன்ர அமெரிக்க டெபிட் காட்டைப் போட்டு 50,000 ரூபா அடிச்சவா. மெஷின் கொஞ்ச நேரம் உறுமிச்சுது, காட்டைத் திருப்பித் தந்தது, காசும் வரேல்ல துண்டும் வரேல்ல. வீட்டை வந்து போனில அப்பைத் திறந்து பார்த்தால் 160 டொலருக்கு மேல கழிஞ்சு கிடக்கு. திரும்ப ஓடிப்போய்ப் பார்த்தால் கிளை பூட்டு, வாசல்ல நிண்ட செக்கியூரிற்றி ஐயா "உங்கட பாங்குக்குத்தான் சொல்லோணும் அம்மா" எண்டவர். அவர் சொன்னது முழுக்கச் சரி, காட் எந்த வங்கியின்ரயோ அந்த வங்கிதான் விசாரிக்கோணும்.

பெரியம்மாவுக்கு அவசரம் இல்லை. "இன்னும் மூண்டு கிழமையில போயிடுவன் தானே தம்பி, போய் நேரில சொல்லுறன்" எண்டா. நான் அஞ்சு வருஷமா இஞ்ச யாழ்ப்பாணத்தில இருந்துகொண்டே ஒரு அமெரிக்க நிறுவனத்துக்கு இந்த மாதிரி கணக்குப் பிழை முறைப்பாட்டு ஃபைலுகள் பார்க்கிறனான், நாள் எண்ணுறதுதான் எங்கட வேலையில பாதி. அதால விடேல்ல, அடுத்த நாள் தேர் முடிஞ்சு வந்து களைச்சிருந்த மனிசியை இருத்தி, இரவு எட்டு மணிக்கு அவவின்ர வங்கியின்ர 24 மணிநேர லைனுக்கு எடுத்துக் குடுத்தன். அந்தப் பக்கம் கதைச்ச பிள்ளை மரியாதையாத்தான் கதைச்சது, ஆனா கடைசியா ஒண்டு சொன்னது: "ஒரு ஃபோம் அனுப்புவம், நிரப்பி அனுப்புங்கோ, அது எங்களுக்குக் கிடைச்ச நாளில இருந்து பத்து பிஸ்னஸ் டே". அங்கதான் பிழை. அந்த ஒரு வசனத்தில கனக்கப் பேருக்கு நாளும் போகுது காசும் போகுது, அதைப்பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதல்ல இந்த நாள் கணக்கு எங்கயிருந்து வருது எண்டு பார்ப்பம். அமெரிக்காவில 1978இல காங்கிரஸ் இலத்திரனியல் நிதி மாற்றச் சட்டம் எண்டு ஒண்டு கொண்டு வந்தது. அப்பதான் ஏரிஎம் பரவத் தொடங்கின காலம். காசோலை எண்டால் கையெழுத்து இருக்கும், தாள் இருக்கும், காட்டிச் சண்டை பிடிக்கலாம். மெஷினில காசு போனால் கையில ஒண்டும் இருக்காது, எல்லா ஆதாரமும் வங்கியின்ர கொம்பியூட்டருக்குள்ளதான். அதால சட்டம் என்ன செய்தது எண்டால் விசாரிக்கிற பொறுப்பை வங்கியின்ர தலையில வைச்சு, அதுக்கு நாள் கெடுவும் போட்டது. அந்தச் சட்டத்துக்கு எழுதின விதிகள்தான் ரெகுலேஷன் ஈ. முதல்ல ஃபெடரல் ரிசர்வ் அதைப் பார்த்தது, 2010இல வந்த டொட்-ஃபிராங்க் சட்டத்துக்குப் பிறகு 2011இல நுகர்வோர் நிதிப் பாதுகாப்புப் பணியகத்தின்ர கைக்குப் போட்டுது. இது தனியாள் கணக்குகளுக்கு மட்டும்தான், வியாபாரக் கணக்குக்கு இல்லை. கிரெடிட் காட்டுக்கு வேற விதி, வேற நாள்கள், அதை இதோட குழப்பக் கூடாது.

விதியின்ர எலும்புக்கூடு இதுதான். வாடிக்கையாளர் பிழையைச் சொன்னால் வங்கி பத்து வேலைநாளுக்குள்ள விசாரிச்சு முடிக்கோணும். முடியாட்டி 45 நாள் வரைக்கும் எடுக்கலாம், ஆனா அப்பிடி எடுக்கிறதெண்டால் அந்தப் பத்து வேலைநாளுக்குள்ள முறைப்பாட்டுக் காசைத் தற்காலிகமா கணக்கில திருப்பிப் போட்டிடோணும். சில வகை முறைப்பாட்டுக்கு 45 எண்டது 90 ஆகும், புதுக் கணக்கெண்டால் பத்து எண்டது இருபது ஆகும். கேட்க லேசு. ஆனா இதுக்குள்ள மூண்டு கேள்வி இருக்கு: எப்பயிருந்து எண்ணுறது, எந்த நாளை எண்ணுறது, ஆற்ற காலண்டரில எண்ணுறது.

எப்பயிருந்து எண்டதுக்கு வருவம். வாயால சொன்னாலே போதும், அண்டைக்கே மணி ஓடத் தொடங்கிடும். எழுத்தில தாங்கோ எண்டு வங்கி கேட்கலாம், அதுக்கு உரிமை இருக்கு, ஆனா எழுத்து வந்த பிறகுதான் விசாரணை தொடங்குவம் எண்டு சொல்ல ஏலாது. விதியோட சேர்ந்த அதிகாரபூர்வ விளக்கவுரையில இது நேரடியா எழுதிக் கிடக்கு, வாய்ச்சொல் கிடைச்ச உடன விசாரணை தொடங்கோணும், எழுத்துக்காகப் பிந்தக் கூடாது எண்டு. எழுத்து வராட்டி என்ன நடக்கும் எண்டால், வாயால சொல்லிப் பத்து வேலைநாளுக்குள்ள எழுத்து வந்து சேரேல்ல எண்டால், வங்கி அந்தத் தற்காலிகக் காசைப் போடாமலே 45 நாளை எடுக்கலாம். அதுவும் போனில கதைக்கேக்கயே எழுத்து வேணும் எண்டு சொல்லி, எங்க அனுப்போணும் எண்ட முகவரியும் குடுத்திருந்தால்தான். அதாவது ஃபோமை அனுப்பாட்டி இடைக்காலக் காசு போகும், ஆனா மணி நிற்காது. இந்த வித்தியாசத்தை வடிவா விளங்கினவை வங்கிக்குள்ளயும் கொஞ்சப் பேர்தான், நான் பார்த்த ஃபைலுகளில பாதிப் பிழை இதில இருந்துதான் வரும்.

இனி, சொன்ன நாளையே முதல் நாளா எடுக்கிறதா? இஞ்சதான் எங்கட ஆக்களின்ர கை தன்பாட்டில வேற மாதிரி எண்ணும். நல்லூர்க் கொடியேற்றம் எண்டால் அதுவே முதலாம் திருவிழா, 2024இல ஓகஸ்ட் 9 கொடி, அதை ஒண்டெண்டு வைச்சு எண்ணினால்தான் செப்டெம்பர் 1 இருபத்திநாலாம் நாள் தேர், 2ஆம் தேதி இருபத்தஞ்சாம் நாள் தீர்த்தம். அந்தியேட்டிக்கு நாள் பார்க்கிறதும் அப்பிடித்தான், நடந்த நாளையும் சேர்த்துத்தான் முப்பத்தொண்டு. எங்களுக்கு சின்ன வயசில இருந்தே பழகின எண்ணிக்கை. ரெகுலேஷன் ஈயில அப்பிடி இல்லை, தகவல் கிடைச்ச நாள் பூச்சியம், அடுத்த நாள்தான் ஒண்டு. காட் தொலைஞ்சதைச் சொல்லுறதுக்கு இருக்கிற ரெண்டு வேலைநாள் விதிக்கு விளக்கவுரை இதை உதாரணத்தோட எழுதியிருக்கு: ஒருத்தருக்கு வெள்ளிக்கிழமை பின்னேரம் ஆறு மணிக்குக் காட் தொலைஞ்சது தெரிய வருது, சனி அந்த வங்கிக்கு வேலைநாள், ஞாயிறு இல்லை எண்டால், ரெண்டு நாள் சனிக்கிழமை தொடங்கி திங்கள் இரவு 11.59க்கு முடியுது. வங்கி பூட்டுற நேரத்தோட இல்லை, நடுச்சாமத்தோட. பிழை விசாரணையிலயும் துறையில எல்லாரும் அதே மாதிரித்தான் எண்ணுறவை. புதுசா வேலைக்கு வாற பெடியளுக்கு நான் முதல் நாள் சொல்லிக் குடுக்கிறதே இதுதான், நல்லூர்க் கணக்கை வாசல்ல கழட்டி வைச்சிட்டு உள்ள வாங்கோ எண்டு.

அடுத்தது எந்த நாள் வேலைநாள். இதுதான் எனக்கு இந்த விதியிலேயே பிடிச்ச இடம், ஏனெண்டால் எழுதினவை நடைமுறையைத் தெரிஞ்சு எழுதியிருக்கினம். திங்கள் முதல் வெள்ளி எண்டு அவை எழுதேல்ல. அந்த வங்கியின்ர அலுவலகங்கள் கிட்டத்தட்ட எல்லா வேலைகளையும் செய்யிறதுக்குப் பொதுமக்களுக்குத் திறந்திருக்கிற நாள் எண்டுதான் வரைவிலக்கணம். எல்லா வேலையும் எண்டால் கவுண்டர் வேலை மட்டுமில்லை, பின்னுக்கு நடக்கிற வேலையும். சனிக்கிழமை கிளையைத் திறந்து காசு வாங்குறது குடுக்கிறது மட்டும் செய்யினம், பிழை விசாரிக்கிற பகுதி பூட்டு எண்டால், அந்த வங்கிக்குச் சனி வேலைநாள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காட் தொலைஞ்சதைச் சொல்ல ஒரு போன் லைன் திறந்திருக்கு எண்டதுக்காக ஞாயிறு வேலைநாள் ஆகாது. சனிக்கிழமை மத்தியானம் வரைக்கும் எல்லா வேலையும் செய்யிற வங்கியெண்டால், அதை வேலைநாளா எடுக்கிறதோ விடுறதோ அந்த வங்கியின்ர விருப்பம். அதால ஒரே தெருவில இருக்கிற ரெண்டு வங்கிக்கு ஒரே முறைப்பாட்டுக்கு வேற வேற கடைசி நாள் வரலாம், ரெண்டும் சரியாவும் இருக்கலாம்.

ஆனா கவனியுங்கோ, வேலைநாள் இல்லாத நாளில சொன்னாலும் சொன்னது சொன்னதுதான். வேலைநாள் எண்டது நடுச்சாமம் வரைக்கும் முழு 24 மணித்தியாலம், வழமையான நேரத்துக்கு வெளியில குடுத்த தகவலும் செல்லும் எண்டு விளக்கவுரை சொல்லுது. பெரியம்மா ஞாயிறு இரவு எடுத்தது வீண் போகேல்ல.

இப்ப காலண்டர். எங்கட ஒஃபீஸில முதல் வருஷம் நடந்த பெரிய குழப்பம் இதுதான், சுவரில தொங்குறது இலங்கைக் காலண்டர். போயாவுக்கெல்லாம் சிவப்பு, தீபாவளி சிவப்பு, தைப்பொங்கல் சிவப்பு. அமெரிக்க வங்கிக்கு அது ஒண்டும் இல்லை. அவைக்கு ஜனவரி மூண்டாம் திங்கள் மார்ட்டின் லூதர் கிங் நாள், மே கடைசித் திங்கள் நினைவு நாள், ஜூன் 19, ஜூலை 4, செப்டெம்பர் முதல் திங்கள் தொழிலாளர் நாள், நவம்பர் நாலாம் வியாழன் தாங்க்ஸ்கிவிங் எண்டு வேற சிவப்பு. அதில ஜூன் 19 எண்டது 2021இலதான் புதுசாச் சேர்ந்தது, பழைய எக்செல் ஷீட்டில நாள் எண்ணுறவை அதை மறந்து போவினம்.

பெரியம்மாவின்ர கேஸையே எண்ணிப் பார்ப்பம். யாழ்ப்பாணத்தில செப்டெம்பர் 1 ஞாயிறு இரவு எட்டு மணி எண்டால் நியூஜெர்சியில அதே ஞாயிறு காலமை 10.30, கோடை நேரத்தில ஒன்பதரை மணித்தியால வித்தியாசம். தகவல் கிடைச்ச நாள் செப்டெம்பர் 1. அடுத்த நாள் திங்கள் செப்டெம்பர் 2, இஞ்ச தீர்த்தம், அங்க தொழிலாளர் நாள், வங்கி பூட்டு, எண்ணிக்கை இல்லை. செவ்வாய் 3ஆம் தேதிதான் ஒண்டு. 4, 5, 6ஓட நாலு, அடுத்த கிழமை 9இல இருந்து 13 வரைக்கும் ஒன்பது, திங்கள் செப்டெம்பர் 16 பத்து. அந்தத் திங்கள் இஞ்ச மீலாதுன் நபி விடுமுறை, அடுத்த நாள் பினர போயா, ரெண்டும் இந்தக் கணக்குக்குள்ள வராது. சுவரில தொங்குற காலண்டரைப் பார்த்து எண்ணியிருந்தால் 2ஆம் தேதியை ஒண்டாப் பிடிச்சு 13ஆம் தேதி எண்டு வந்திருக்கும். அப்பிடி முன்னுக்கு வந்தால் பரவாயில்லை, வங்கிக்கு ஒண்டும் இல்லை. பின்னுக்கு வந்தால்தான் விதி மீறல். அந்தப் பிள்ளை போனில சொன்ன மாதிரி ஃபோம் போன நாளில இருந்து, பெரியம்மா அதை ஈமெயிலில அனுப்பினது வெள்ளி 6ஆம் தேதி, எண்ணினால் 20ஆம் தேதி வரும். நாலு வேலைநாள் பிந்தல்.

இன்னொரு கதையும் சொல்லோணும், ஏனெண்டால் இது என்ர கண்ணுக்கு முன்னால நடந்தது. அதே வருஷம் நவம்பர் 14 வியாழன், இஞ்ச பாராளுமன்றத் தேர்தல் நாள். அமெரிக்கக் கிழக்குக் கரையில பின்னேரம் நாலு மணிக்கு ஒரு அழைப்பு வருது. நவம்பர் 3ஆம் தேதியே அங்க மணிக்கூட்டை மாத்தினதால வித்தியாசம் இப்ப பத்தரை மணித்தியாலம், இஞ்ச வெள்ளி விடியச்சாமம் 2.30. இரவு சிப்டில இருந்த பெடியன் கொம்பியூட்டர் காட்டின தேதியை, 15ஐ, அப்பிடியே போட்டிட்டான். சரியாப் பார்த்தால் 14 பூச்சியம், 15 ஒண்டு, 28ஆம் தேதி தாங்க்ஸ்கிவிங்கை விட்டால் வெள்ளி 29 பத்து. அவன் போட்ட தேதியில 18தான் ஒண்டு, அதோட 28ஐயும் விட்டால் பத்தாம் நாள் டிசெம்பர் 2. ஒரு வேலைநாள் பிந்தல். ஆனா அவன்ர ஷீட்டில இருந்தது இலங்கை விடுமுறை மட்டும்தான், அதில 28 சாதாரண வியாழன், அதால அவனுக்கு வந்த விடையும் 29! ரெண்டு பிழை ஒண்டையொண்டு வெட்டி சரியான தேதி வந்திட்டுது, ஓடிட் பண்ணின ஆக்களும் தேதி சரிதானே எண்டு விட்டிட்டினம். எனக்கு அண்டைக்கு நித்திரை வரேல்ல. விடை சரியெண்டதுக்காக வழி சரியெண்டு நினைச்சு அடுத்த மாசமும் அதே ஷீட்டில எண்ணியிருப்பம், அடுத்த மாசம் வெட்டுறதுக்கு மற்றப் பிழை இருந்திருக்காது. அதுக்குப் பிறகுதான் எங்கட இடத்தில எல்லாத் தேதியும் வாடிக்கையாளரின்ர வங்கி இருக்கிற இடத்து நேரத்திலதான் பதியோணும் எண்டு வந்தது.

இனி 45உம் 90உம். பத்து வேலைநாள் எண்டு எழுதினவை இதில வெறும் நாள் எண்டுதான் எழுதியிருக்கினம், அப்ப சனி ஞாயிறு விடுமுறை எல்லாம் சேர்த்துக் காலண்டர் நாள். இதில கன பேர் விடுற பிழை, பத்து வேலைநாள் முடிஞ்ச பிறகு 45ஐத் தொடங்குறது. அப்பிடி இல்லை, ரெண்டும் ஒரே நாளில, தகவல் கிடைச்ச நாளில இருந்து ஓடுது. பெரியம்மாவின்ர செப்டெம்பர் 1க்கு 45ஆம் நாள் ஒக்டோபர் 16. ஆனா அவவின்ர கேஸுக்கு 45 இல்லை, 90. ஏனெண்டால் காசு எடுக்க முயற்சி பண்ணினது அமெரிக்காவுக்கு வெளியில. வெளிநாட்டில தொடங்கின பரிமாற்றம், கடையில காட்டைத் தேய்ச்ச டெபிட் பரிமாற்றம், முதல் காசு போட்டு 30 நாளுக்குள்ள நடந்த பரிமாற்றம், இந்த மூண்டுக்கும் 90 நாள். கடைசியாச் சொன்ன புதுக் கணக்குக்கு மட்டும்தான் பத்து வேலைநாள் இருபது ஆகும், மற்ற ரெண்டுக்கும் பத்து பத்துத்தான். வெளிநாடு எண்டவுடன எல்லாம் இழுபடும் எண்டு நினைச்சு தற்காலிகக் காசையும் பிந்திப் போடுறது பிழை.

90ஆம் நாள் நவம்பர் 30, சனிக்கிழமை. சனி எண்டால் திங்களுக்குத் தள்ளலாமோ? விதியில அப்பிடித் தள்ளுறதுக்கு ஒரு வரியும் இல்லை, அதால வேலை தெரிஞ்ச ஆக்கள் வெள்ளி 29ஐத்தான் கடைசியா வைச்சு வேலை செய்வினம்.

தற்காலிகமாப் போடுற காசு பற்றி ரெண்டு விசயம். போட்டு ரெண்டு வேலைநாளுக்குள்ள எவ்வளவு, எப்ப போட்டது எண்டு சொல்லோணும், விசாரணை முடியும் வரைக்கும் அந்தக் காசை முழுசாப் பாவிக்கலாம். அனுமதியில்லாமல் வேற ஆரோ எடுத்தது எண்டு நம்பக் காரணம் இருந்தால் 50 டொலர் வரைக்கும் பிடிச்சு வைக்கலாம், பெரியம்மாவின்ர மாதிரி மெஷின் காசு தராத கேஸுக்கு அது பொருந்தாது. விசாரணையில பிழை நடந்தது உறுதியெண்டால் ஒரு வேலைநாளுக்குள்ள திருத்தோணும், முடிவை மூண்டு வேலைநாளுக்குள்ள அறிவிக்கோணும். பிழை இல்லை எண்டு முடிவெடுத்துக் காசைத் திரும்ப எடுக்கிறதெண்டாலும் சும்மா எடுக்கேலாது. எழுத்தில காரணம் சொல்லோணும், எந்த ஆவணத்தை வைச்சு முடிவெடுத்தினம் எண்டு கேட்டால் பிரதி தரோணும், காசை எப்ப எவ்வளவு எடுத்தது எண்டு சொல்லோணும், அப்பிடி அறிவிச்சு அஞ்சு வேலைநாளுக்கு அந்தக் கணக்கில வாற காசோலையையும் முன்கூட்டி ஒழுங்கு செய்த கழிவுகளையும், காசை எடுக்காட்டி எப்பிடிச் செலுத்தியிருப்பினமோ அப்பிடிச் செலுத்தோணும். வாடகைக் காசோலை திரும்பக் கூடாது எண்டதுக்காக. பத்து நாளுக்குள்ள காசும் போடாமல் நல்லெண்ணத்தோட விசாரிக்கவும் இல்லாமல் இருந்தால், நீதிமன்றத்தில நட்டத்தின்ர மூண்டு மடங்கு வரைக்கும் போகலாம் எண்டு சட்டத்திலேயே இருக்கு.

வாடிக்கையாளருக்கும் நாள் இருக்கு, அதையும் மறக்கக் கூடாது. பிழை முதன்முதலாத் தெரியிற ஸ்டேட்மெண்டை வங்கி அனுப்பின நாளில இருந்து 60 நாளுக்குள்ள சொன்னால்தான் மேல சொன்ன கெடு எல்லாம் வங்கியைக் கட்டும். பிழை நடந்த நாளில இருந்து இல்லை, ஸ்டேட்மெண்ட் கையில கிடைச்ச நாளில இருந்தும் இல்லை, அனுப்பின நாளில இருந்து. செப்டெம்பர் 10 அனுப்பினது எண்டால் நவம்பர் 9. காட் தொலைஞ்சு ஆரும் காசு எடுத்தால் இன்னும் இறுக்கம்: தெரிஞ்சு ரெண்டு வேலைநாளுக்குள்ள சொன்னால் உங்கட தலையில அதிகம் 50 டொலர், பிந்தினால் 500 வரைக்கும், ஸ்டேட்மெண்ட் போய் 60 நாளும் தாண்டினால் அந்த 60க்குப் பிறகு போற காசுக்கு மட்டே இல்லை.

இஞ்ச இருக்கிற எங்களுக்கு நேரடியாப் படுறது இன்னொரு பகுதி. அமெரிக்காவில இருந்து யாழ்ப்பாணத்துக்கு அனுப்புற காசுக்கும் ரெகுலேஷன் ஈயிலேயே தனிப் பகுதி இருக்கு, 2013 ஒக்டோபரில இருந்து நடைமுறையில. அம்மாவுக்கு அனுப்பின காசு சொன்ன தேதிக்கு வரேல்ல, குறைஞ்சு வந்திருக்கு எண்டால், அங்க அனுப்பினவர் அந்தத் தேதியில இருந்து 180 நாளுக்குள்ள முறைப்பாடு குடுக்கலாம், நிறுவனம் 90 நாளுக்குள்ள விசாரிச்சு முடிக்கோணும், முடிச்சு மூண்டு வேலைநாளுக்குள்ள பதில். கவனம், இந்த உரிமை அனுப்பினவருக்குத்தான், வாங்குற எங்களுக்கு இல்லை. அதால காசு வரேல்ல எண்டால் இஞ்ச கிளைக்குக் கிளை ஓடுறதுக்கு முன்னால அங்க இருக்கிற பிள்ளைக்கு ஒரு கோல் எடுங்கோ. இலங்கைக் கணக்கில பிழை எண்டால் அது வேற வழி, முதல்ல உங்கட வங்கிக்கு எழுத்தில குடுங்கோ, பதில் சரியில்லை எண்டால் மத்திய வங்கியின்ர நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களம், 1935. அமெரிக்காவின்ர பத்து நாளை இஞ்சத்தைக் கவுண்டரில காட்டிக் கதைச்சுப் பிரயோசனம் இல்லை.

பெரியம்மாவின்ர வங்கிக்கு நாங்கள் செப்டெம்பர் 10 ஒரு ஈமெயில் போட்டம். கோவமா ஒண்டும் எழுதேல்ல, செப்டெம்பர் 1 கிழக்கு நேரம் காலமை 10.30க்கு வாயால தகவல் குடுத்தது, கதைச்சவரின்ர முறைப்பாட்டு இலக்கம் இது, எங்கட கணக்கில பத்தாம் வேலைநாள் செப்டெம்பர் 16, அவ்வளவுதான். 16ஆம் தேதி அமெரிக்கப் பகலில, இஞ்ச இரவு, காசு கணக்கில வந்து விழுந்தது. ஒக்டோபர் நடுவில கடிதம் வந்தது, அந்த மெஷினில அண்டைக்கு இருப்புப் பார்க்கேக்க காசு கூடுதலா இருந்ததாம், போட்ட காசு நிரந்தரம் எண்டு. பெரியம்மா அப்ப நியூஜெர்சிக்குத் திரும்பிப் போட்டா. இப்ப வங்கிக்கு எடுத்தால் டயரியில ரெண்டு நேரம் எழுதி வைக்கிறா, மேல நியூஜெர்சி நேரம், கீழ யாழ்ப்பாண நேரம், பக்கத்தில முறைப்பாட்டு இலக்கம்.